பழிக்கு ஓர் ஆள்

அறுவை அறையில் ஒரு பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு இறங்கும்போது இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறப்பதில்லை. பஞ்சாயத்து கேட்டுக்கொண்டிருக்கும்.

பஞ்சாயத்து என்பது நாங்கள் வைத்த பெயர்; அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் பொறுப்பு நிர்ணயக் கருவி. டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி, மூலையில் உட்கார்ந்திருக்கும். அறைக்குள் அதற்குக் கண்ணும் காதும் உண்டு. வெளியே பெற்றோர் உட்காரும் பெஞ்சுக்கு மேலே இன்னொரு காது. ஏதாவது விபரீதம் நடந்தால் உள்ளேயும் கதவுக்கு மேலேயும் சிவப்பு விளக்கு எரியும். அப்புறம் அது அறையில் பெயர் பதிந்த ஒவ்வொருவர் தலையிலும், பதிவில் உள்ள பெற்றோர் தலையிலும் பழியைப் பங்கு போடும். பாதிக்கு மேல் விழுந்தால் டாக்டருக்கு உரிமம் போகும். பெற்றோர் மேல் விழுந்தால் பிள்ளை அதிகாரிகளின் கண்காணிப்புக்குப் போகும், சில சமயம் கையை விட்டே போகும். கோர்ட்டு, கேஸ், கண்ணாடி உடைக்கும் சொந்தக்காரர்கள் எல்லாவற்றுக்கும் முடிவு கட்டத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி உடைவது நின்றது. அதோடு பேச்சும் நின்றது.

வக்கீல்கள் அதில் ஒரு விதியைச் செருகியிருந்தார்கள். யாராவது தானாக 'என் தப்பு' என்று சொல்லிவிட்டால் கருவி மேற்கொண்டு எதையும் தோண்டாது. பச்சை விளக்கு எரியும், மற்றவர்கள் எல்லாரும் உத்தமர்கள். ஒத்துக்கொள்ள ஒருத்தன் இருக்கும்போது சாட்சி எதற்கு என்பது அவர்கள் நியாயம்.

என் பெயர் சகாயமேரி. மதுரையில் குழந்தைகளுக்கான ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருத்துவராக இருந்தேன். 'இருந்தேன்' என்று எழுதும்போது இன்னும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

சர்வினுக்கு நான்கு வயது. இரண்டு விரைகளும் பைக்குள் இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிட்டிருந்தன. முதலில் வலது, அரை வருடம் கழித்து இடது என்று டாக்டர் முத்துவிநாயகம் முடிவு செய்திருந்தார். பிள்ளைகளின் சிறுநீர்ப்பாதை அறுவையில் அவர் கை பெரிய கை. வாய் அதைவிடப் பெரியது.

விரையைக் கீழே கொண்டுவர, அதோடு வரும் நாளக்கொடியை இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது சில பிள்ளைகளுக்கு நெஞ்சு சட்டென்று தளரும். கையை விட்டால் அநேகமாக உடனே திரும்பிவிடும். பெட்டி வருவதற்கு முன்னால் 'சார், விடுங்க' என்போம், 'விட்டாச்சு' என்பார்கள், கொஞ்சம் பொறுத்து மெதுவாக மறுபடி இழுப்பார்கள். டீ குடிக்கப் போகும்போது அது யாருக்கும் நினைவில்கூட இருக்காது.

இப்போது கையை விடுவதே வாக்குமூலம். நெஞ்சு தளர்ந்தபின் விட்டால், கையால்தான் தளர்ந்தது என்று கருவி முடிவு கட்டும். அதனால் எவரும் விடுவதில்லை.

அன்று சர்வினின் துடிப்புச் சத்தம் இறங்க ஆரம்பித்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சார், கைய விடுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"நெஞ்சு எறங்குது."

"நெஞ்சு ஒங்க டிபார்ட்மெண்ட், டாக்டர். ஒங்க மருந்தப் பாருங்க. என் கை எங்க இருக்கணுமோ அங்கதான் இருக்கு."

இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மூலையைப் பார்த்துச் சொன்னார். துடிப்பைத் தூக்கிவிடும் அட்ரோப்பின் மருந்தை நான் ஏற்றினேன். துடிப்பு கொஞ்சம் ஏறி மறுபடியும் சரிந்தது. பரிபூரணம் சிஸ்டர் தட்டிலிருந்த கத்தரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாள் ஒரு காலத்தில் சர்ஜன்களையே அதட்டியவர். இப்போது வாயில் கொழுக்கட்டை.

"இழுத்துக்கிட்டே இருந்தா மருந்து எடுபடாது சார்."

"இழுக்கறேன்னு யாரு சொன்னா? புடிச்சிருக்கேன். வார்த்தைய அளந்து பேசுங்க. ரெக்கார்டு ஆகுது."

ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. அந்த இடைவெளியில் நான் அவரை மனதார வெறுத்தேன். அவருடைய கையுறையை, அதற்குள்ளிருந்த விரல்களை, அவருக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரைக்கூட வெறுத்தேன். பிள்ளையின் உதடு நிறம் மாறியது. இவர் கையைத் திறக்க ஒரே சாவிதான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

"மருந்து கூடிப்போச்சு!" என்று கத்தினேன். "மயக்கத்த அதிகமா வெச்சுட்டேன். என் தப்பு. நெஞ்ச அமுக்கணும், எல்லாரும் கைய எடுங்க!"

பச்சை விளக்கு எரிந்தது. "ஒப்புதல் பதிவானது. நன்றி, டாக்டர் சகாயமேரி," என்றது பெட்டி, பேங்க் கவுண்டரில் பேசுகிற பெண்ணின் குரலில்.

முத்துவிநாயகத்தின் கை சூடு பட்டதுபோல் விலகியது. நான் நெஞ்சில் கை வைத்து இரண்டு மூன்று அமுக்கு அமுக்குவதற்குள் துடிப்பு திரும்பி, படபடவென்று ஓட ஆரம்பித்தது. நான் வைத்திருந்த மருந்து வைக்க வேண்டிய அளவுதான். பிள்ளையைப் பிழைக்க வைத்தது அவர் விட்ட கை. அதை அந்த அறையில் இருந்த மூன்று பேரும் அறிவோம்.

வெளியே பெஞ்சில் சர்வினின் அம்மா மிதுனா இருந்தாள். புருஷன் மஸ்கட்டில். தீர்ப்பைப் பெட்டி ஏற்கெனவே நடையில் வாசித்திருந்தது. நான் கதவைத் தாண்டியதும் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"எம்புள்ள என்ன, நீ மருந்து குடுத்துப் பாக்குற எலியா? படிச்ச படிப்புக்கு நாக்கப் புடுங்கிக்கிட்டு சாவ வேண்டியதுதான?"

பின்னால் வந்த முத்துவிநாயகம் அவளை மெதுவாக விலக்கினார். "விடும்மா. நல்ல வேளை, நான் கூட இருந்தேன்."

அவள் அவர் காலில் விழுந்தாள். அவர் எழுப்பிவிட்டார், தோளில் தட்டிக்கொடுத்தார். மறுபடி பேசினால் ஒப்புதல் வாபஸ் ஆகும், எல்லாம் திரும்பத் தோண்டப்படும், என் ஒரு வார்த்தை அவர் வார்த்தைக்கு எதிராக நிற்கும். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். அந்த வாரமே உரிமம் போயிற்று.

முத்துவிநாயகமே வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை, நோயாளியைப் பார்க்க வந்தவர்போல.

"ஒரு வேலை இருக்கு. பொறுப்பு உதவியாளர்னு பேரு. மேனேஜ்மெண்ட் ஒத்துக்கிட்டாங்க."

"நான் என்ன செய்யணும்?"

"தியேட்டர்ல நிக்கணும். பேரு பதிவாயிரும். ஏதாவது ஒண்ணுன்னா..."

"ஏதாவது ஒண்ணுன்னா என் தப்புன்னு சொல்லணும். அதானே?"

"ஒங்ககிட்ட எடுக்கறதுக்கு இனிமே அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே."

"முழுக்க நனைஞ்சவளுக்கு முக்காடு எதுக்குங்கறீங்க."

"நான் அப்பிடிச் சொல்லல."

"நெனச்சீங்க. ஆப்பிள எடுத்துட்டுப் போங்க."

ஆப்பிளை எடுத்துப் போனார். வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அவருக்காக இல்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் அதே மாதிரி ஒரு பிள்ளை, அதே மாதிரி யாரும் கையை விடாமல், போய்ச் சேர்ந்திருந்தது. நான் ஒரு மூலையில் நின்று ஒரு பொய் சொன்னால் அது நடக்காது என்றால், நிற்கலாம் என்று பட்டது.

பெட்டி ஒரு மூலை, நான் எதிர் மூலை. துடிப்பு இறங்கும், மூச்சுக்குழாய் இறுகும், சிவப்பு எரியும். நான் "என் தப்பு" என்பேன், பச்சை எரியும், எல்லாருக்கும் கையும் வாயும் திரும்ப வரும். பரிபூரணம் சிஸ்டர்கூட மறுபடி அதட்ட ஆரம்பித்தார். மற்ற மருத்துவமனைகள் இதை மோப்பம் பிடித்தன. உரிமம் போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று தேடிப் பிடித்து ஆளுக்கு ஒரு மூலையில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் சாவது குறைந்தது. பெட்டியால்தான் குறைந்தது என்று டிவியில் ஒரு மந்திரி சொன்னார். அன்று டிவியை அணைத்துவிட்டு வெகு நேரம் சாபம் விட்டேன்.

அரை வருடம் கழித்து சர்வின் இடப்பக்க அறுவைக்கு வந்தான். கையில் ஒரு பொம்மை ஜேசிபி. மிதுனா என்னைப் பார்த்ததும் வரவேற்பறையே அதிரும்படி கத்தினாள்.

"இந்தக் கொலைகாரி இன்னும் இங்கிட்டுத்தான் இருக்காளா? எம்புள்ளைக்கு ஆபரேசன் நடக்குற ரூமுக்குள்ள இவ காலு படக் கூடாது. பட்டுச்சுன்னா நான் புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவேன்."

பெற்றோர் ஆளை மறுப்பது அவர்கள் உரிமை. முத்துவிநாயகம் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். என் பெயர் அன்றைய பதிவிலிருந்து நீங்கியது. வேறு ஆளும் கிடைக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையின் கொடியை இழுத்தால் நெஞ்சு நிற்கப் பார்க்கும் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. மருந்து கூடிப்போனது என்றுதான் இருக்கிறது. நான் சொன்ன பொய் அது. பிரணவ் என்கிற புது மயக்க மருத்துவர் அதை நம்பித்தான் உள்ளே போகிறார். நடையில் ஓடிப்போய் அவரை மறித்தேன்.

"தம்பி, போன தடவ இந்தப் புள்ளைக்கு..."

"மேடம், சொல்லாதீங்க." அவர் மேலே, பெஞ்சுக்கு மேலிருந்த காதைக் காட்டினார். "தெரியாம நடந்தா பங்கு கம்மி. தெரிஞ்சும் நடந்துச்சுன்னா மொத்தமும் என் தலைலதான் விடியும்."

"உசுரு விசயம்யா."

"ரெக்கார்டு பாத்துட்டேன். மருந்து கூடிப்போச்சுன்னு இருக்கு. நான் கொறச்சே வெச்சுக்கறேன்."

"கொறச்சு வெச்சா இன்னும் மோசம்! மயக்கம் பத்தாம இழுத்தா..."

அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். எம்.டி. முடித்த ஆள். பூச்சாண்டிக்குப் பயந்த பிள்ளைபோல் காதைப் பொத்திக்கொண்டு போனார்.

நான் நடையிலேயே நின்றேன். மிதுனா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, ஜேசிபியை மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். "போயேன் அங்கிட்டு," என்றாள். நான் போகவில்லை. கதவு மெல்லிய கதவு. துடிப்புச் சத்தம் வெளியே கேட்டது. அதன் ஓட்டத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு தயங்கியது. கதவுக்கு மேலே சிவப்பு எரிந்தது.

"கைய விடுங்க சார்!" என்று கதவைத் தட்டினேன். உள்ளே பேச்சே இல்லை. சத்தம் இன்னும் தளர்ந்தது. உள்ளே மூன்று வாய்கள், மூன்றும் மூடியிருந்தன.

"என் தப்பு!" என்று கத்தினேன். "நான்தான்! என் தப்பு!"

"உங்கள் பெயர் இன்றைய பதிவில் இல்லை," என்றது பெட்டி. சிவப்பு மாறவில்லை.

"என் தப்புதான்னு சொல்றேன்ல, மூதேவி!" மறுபடி மறுபடி கத்தினேன். கதவில் தலையை முட்டிக்கொண்டு கத்தினேன்.

மிதுனா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஏய், நீ உள்ளயே இல்லையே. இங்கனதான நிக்கிற. அப்புறம் எப்பிடி ஒன் தப்பு?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் பெட்டி கேட்கும். அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், சிவப்பு விளக்கைப் பார்த்தாள். கதவுக்குள் கேட்ட சத்தத்தை முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டாள். அவள் கை மெதுவாக எழுந்து என் கன்னத்தருகே வந்து நின்றது. அன்று அறைந்த அதே கன்னம்.

"அன்னைக்கும் இதானா?" என்றாள், சத்தமே வராமல்.

நான் கண்ணை மூடித் திறந்தேன். பிறகு விரலால் அவள் நெஞ்சைத் தொட்டேன். வெளியே நின்றவர்களில் பதிவில் பெயர் இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

ஒன்றும் கொடுக்காதே, வெறும் வயிற்றில்தான் கூட்டிவர வேண்டும் என்று எல்லாப் பெற்றோருக்கும் படித்துப் படித்துச் சொல்வோம். வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாயில் ஏறினால் உயிர் போகும். பெற்றோர் செய்யக்கூடிய தப்பு அது ஒன்றுதான். அவளுக்கு வேறு தெரியவும் தெரியாது.

"நான் பால் குடுத்தேன்!" மிதுனா காதைப் பார்த்து அலறினாள். "காலைல புள்ள அழுதான்னு பால் குடுத்தேன். டாக்டர்ட்ட பொய் சொன்னேன். என் தப்பு! முழுசும் என் தப்பு!"

பச்சை. "ஒப்புதல் பதிவானது. நன்றி, திருமதி மிதுனா."

உள்ளே ஒரே நேரத்தில் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். பரிபூரணம் சிஸ்டரின் அதட்டல் கேட்டது. பிறகு அந்தச் சத்தம், ஒன்று, இன்னொன்று, அப்புறம் விட்ட இடத்தைப் பிடிக்க ஓடுவதுபோல வரிசையாக. மிதுனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மயக்கம் தெளியும் அறையிலும் பெட்டிக்கு ஒரு காது இருக்கிறது. சர்வினின் கட்டில் பக்கத்தில் நாங்கள் நின்றோம். மிதுனா வாயைத் திறந்து என்னை உள்ளே விடச் சொல்லியிருந்தாள், யாருக்கும் காரணம் கேட்கத் தோன்றவில்லை. அவள் மேல் முழுப் பழி, பிள்ளை நலக் கண்காணிப்பு, முதல் விசாரணை திங்கட்கிழமை என்று பெட்டி படித்து முடித்திருந்தது. முத்துவிநாயகம் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"அறிவிருக்காம்மா ஒனக்கு? பால் குடுக்காத, பால் குடுக்காதன்னு எத்தன தடவ சொன்னோம்? பெத்த புள்ளய நீயே கொல்லப் பாத்தியே! ஒன்னயெல்லாம் நம்பி எப்பிடிப் புள்ளய விடுறது?"

நம்பித்தான் பேசுகிறாரா, பெட்டிக்காகப் பேசுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். மிதுனா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா சார். என் தப்புதான்," என்றாள்.

சர்வின் கண்ணை விழித்தான். அம்மாவைத் தேடிப் பிடித்தான். உதடு பிதுங்கியது.

"அம்மா, பசிக்குது. காலைல பாலு பாலுன்னு அழுதேன்ல? நீ தரவே இல்ல. ஒண்ணுமே தரல."

மிதுனா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். நான்கு வயதுப் பிள்ளை, செத்துப் பிழைத்து வந்து சொன்ன முதல் உண்மை, அதை அவன் தாயே கையால் மூட வேண்டியிருந்தது.

மூலையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "முரண்பட்ட தகவல். உறுதி செய்யவும்."

முத்துவிநாயகம் ஒரு கணம் பிள்ளையைப் பார்த்தார், பிறகு மூலையைப் பார்த்தார். "மயக்கம் தெளியாத புள்ளைங்க ஏதாவது உளறும்," என்றார். என் பக்கம் திரும்பினார். "இல்லையா, டாக்டர்?"

உரிமம் போனபின் அவர் என்னை டாக்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு தலையாட்டல் போதும். திங்கட்கிழமை மிதுனா விசாரணைக்குப் போவாள், பால் கொடுத்ததாகவே பதிவில் நிற்கும், இன்னும் கொஞ்ச நாளில் இந்தப் பிள்ளைக்கு வேறு ஏதோ அறுவை என்று வந்தால் இன்னொரு பிரணவ் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போவார். என் பொய்தான் இன்று இவனைக் கொல்லப் பார்த்தது. ஒரு தடவை காப்பாற்றிய பொய்தான்.

"இல்ல," என்றேன். மூலையைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "புள்ள முழு நெனவோட இருக்கான். காலைல நடந்ததச் சொல்றான், ஆளத் தெரியுது, பசி தெரியுது. அவன் வயித்துல பால் இல்ல. போன தடவ மருந்தும் கூடல. அன்னைக்குச் சொன்ன ஒப்புதல நான் வாபஸ் வாங்கறேன். ரெண்டு தடவையும் கொடிய இழுத்ததாலதான் நெஞ்சு தளந்துச்சு. விட்டதும் வந்துருச்சு. அத மொதல்ல இந்தப் புள்ள ரெக்கார்டுல ஏத்துங்க."

பெட்டியின் மஞ்சள் சிவப்பாக மாறியது. "இரு வழக்குகளும் மறுபடி திறக்கப்படுகின்றன. ஒப்புதல் விதி மறுபரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது."

மிதுனா கையை எடுத்தாள். சர்வின் ஓவென்று அழுதான், நல்ல உரத்த அழுகை. பரிபூரணம் சிஸ்டர் கேட்காமலே தண்ணீர் தொட்ட பஞ்சை எடுத்து வந்து அவன் உதட்டை நனைத்தார்.

முத்துவிநாயகம் என் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு தெரியுதா? இனிமே எவன் என் தப்புன்னு சொன்னாலும் இது நம்பாது. இந்த ஊர்ல மட்டுமில்ல, எங்கயும். நாளைக்கு எனக்கு மூணு கேஸ் இருக்கு, மூணும் சின்னப் புள்ளைங்க. ஒரு புள்ளைக்கு நெஞ்சு நிக்கப் போவுதுன்னா அப்ப யாரு வந்து பழி ஏத்துக்குவா? சொல்லுங்க. நான் என்ன பண்றது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் கை என் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது, கையுறையின் மாவு இன்னும் விரலிடுக்கில் ஒட்டியிருந்தது. நல்ல கைதான்.

"கைய விடுங்க சார்," என்றேன்.